ஆகாயத்தில் ஒரு முனகல்

தாத்தா காலத்து வால்வு ரேடியோப் பெட்டியை இன்னும் சில இல்லங்களில் கூடத்து மூலையில் ஞாபகார்த்தமாக வைத்திருக்கக் காணலாம். அதை மின்சாரத்துடன் இணைத்து விசையைத் திருகினால், சங்கீதமோ செய்தியோ வருவதற்கு முன் 'உம்ம்...' என்று ஒரு முனகல் எழும். பெட்டிக்கு வயதாக ஆக முனகலும் வளரும். பாகவதர் மத்திம காலத்தில் உருகிப் பாடும் இடத்திலே, கூடவே ஒரு வண்டு சுற்றிக்கொண்டிருப்பதுபோல் தோன்றும். "பெட்டி இரைகிறது" என்று வீட்டார் சொல்வர். பழுது பார்ப்பவர் வந்து, உள்ளே இருக்கும் ஓர் அலுமினியக் குப்பியை மாற்றி வேறொன்றைப் பொருத்துவார். வண்டு பறந்துவிடும்.

அந்த வண்டு எங்கிருந்து வந்தது, எவ்வாறு போயிற்று என்பதே இவ்வாரத்து விஷயம். வீட்டுப் பெட்டியில் அது காதுக்கு மட்டுமே உபத்திரவம். செய்தியை ஆகாயத்தில் அனுப்பும் யந்திரத்தில் அதே முனகல் ஏறிவிட்டாலோ, கேட்கும் ஊர்களில் எல்லாம் அது கேட்கும். சமயத்தில் செய்தியையே விழுங்கிவிடும். அதை ஓட்டுவதற்கு அமெச்சூர் ரேடியோ அன்பர்கள் செய்யும் ஏற்பாடு நயமானது. உயிருக்கு ஆபத்தானதும் கூட. ஆதலால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

அமெச்சூர் ரேடியோக்காரர் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊதியம் கருதாது, பரீட்சை எழுதிச் சர்க்காரிடம் லைஸென்ஸ் பெற்று, தம் வீட்டிலிருந்தே ரேடியோ மூலம் பிற ஊரார், பிற நாட்டாருடன் பேசுகிறவர்கள் இவர்கள். 'ஹாம்' என்பது இவர்களுக்குச் செல்லப் பெயர். நம் தேசத்தில் இவர்களுடைய அழைப்புக் குறி 'வி.யு.' என்று தொடங்கும். சென்னைக்கும் இதில் பழைய பாத்தியதை உண்டு. ஸி. வி. கிருஷ்ணஸ்வாமி செட்டியார் முயற்சியால் 1924-இலேயே சென்னை ராஜதானி ரேடியோ கிளப் இங்கே தோன்றி ஒலிபரப்பும் நடத்தியது. ஹாம்களின் சாதாரண யந்திரம் 100 வாட் அளவு சக்தியை வெளியிடும். அது போதாதென்று நினைப்பவர், அதன் பின்னே 'ஆம்பிளிபையர்' எனப்படும் பெருக்கியை இணைத்துச் சக்தியைப் பன்மடங்காக்குவர். வால்வுகளால் அமைந்த பெருக்கிக்கு 2000, 3000 வோல்ட் அழுத்தமுள்ள நேர் மின்சாரம் தேவை.

நம் வீட்டுக் கம்பியில் வருவதோ 230 வோல்ட். அதுவும் நேர் மின்சாரம் அன்று. விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக ஊசலாடும் மாறு மின்சாரம். டிரான்ஸ்பார்மரைக் கொண்டு அழுத்தத்தை உயர்த்துவது எளிது. ஊசலாட்டத்தை ஒரே திசைக்குத் திருப்புவது ரெக்டிபையரின் வேலை. இது பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது. "அரை அலைக்கு 40.6, முழு அலைக்கு 81.2 சதவீதம்" என்று பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். ஆனால் ரெக்டிபையரிலிருந்து வருவதை அப்படியே ஒரு வால்வுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டால், வகுப்பு மௌனமாகிவிடும். பரீட்சையில் அந்தக் கேள்வி வருவதில்லை அல்லவா!

தெருவில் கைப்பம்பு அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஒரே திசையில்தான் வருகிறது. எனினும் குபுக் குபுக்கென்று வருகிறது. ரெக்டிபையர் தரும் மின்சாரமும் அத்தகையதே. முழு அலை ரெக்டிபையரில் ஒரு விநாடிக்கு 100 குபுக்குகள். வண்டின் இரைச்சல் என்று நாம் கேட்டது இந்த நூறையே.

கடந்த நூற்றாண்டின் இருபதுகளில் அமெச்சூர்கள் இந்த நிலையிலேதான் காலட்சேபம் நடத்தினார்கள். ஊறுகாய் ஜாடிபோன்ற கண்ணாடிக் குப்பிகளில் வெங்காரக் கரைசலை ஊற்றி, ஈயத் தகடும் அலுமினியத் தகடும் தோய்த்து, அவற்றை வரிசை வரிசையாக அடுக்கி ரெக்டிபையர் செய்தார்கள். வீட்டுப் பெண்மணிகள் அதைக் குறித்து என்ன சொன்னார்கள் என்பதைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை. பின்னர் பாதரச ஆவி வால்வுகள் வந்தன. 866 என்ற எண்ணுள்ள அந்த வால்வு, செய்தி அனுப்பும்போதெல்லாம் நீல ஒளி வீசித் துடிப்பது கண்ணுக்கு விருந்து. ஆனால் உள்ளிருக்கும் பாதரசம் ஆவியாவதற்கு அரை நிமிஷமாவது இழையைச் சூடேற்றிய பிறகே உயர் அழுத்தத்தைக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் வால்வு போய்விடும். இன்று அந்த இடத்தைச் சிலிக்கன் டயோடுகள் பிடித்துக்கொண்டன. அழகு குறைந்தது, காத்திருக்கும் வேலையும் இல்லை.

அந்நாளில் தந்தி முறையில் அனுப்பிய சங்கேத ஒலியின் சுத்தத்தை மதிப்பிட ஒரு மார்க் முறை ஏற்பட்டது. 1934-இல் ஆர்தர் பிராட்டன் என்ற அமெரிக்க அமெச்சூர் வகுத்த 'ஆர்-எஸ்-டி' முறை அது. 'ஆர்' தெளிவுக்கு, 'எஸ்' பலத்துக்கு, 'டி' ஒலியின் தன்மைக்கு. இந்த மூன்றாவது மார்க்கைக் கூர்ந்து படித்தால் வேடிக்கையாக இருக்கும். ஒன்பது படிகள். முதற்படி, மாறு மின்சாரம் அப்படியே கரகரவென்று ஒலிப்பது. மூன்றாவது, ஒரு திசைக்குத் திருப்பியது, ஆனால் வடிகட்டாதது. ஐந்தாவது, வடிகட்டியது, எனினும் அலைச்சல் பலமாக இருப்பது. ஏழாவதில் அலைச்சலின் சாயல் மாத்திரம். ஒன்பது என்றால் பழுதே இல்லாத சுருதி. ஒலியின் குணத்தை அளப்பதாகப் பேர். ஆனால் உண்மையில், ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவர் நம் வீட்டு மின்சார வடிகட்டியைப் பரீட்சித்து மார்க் போடுகிறார்! அவர் நம் யந்திரத்தைக் கண்ணால் பார்த்ததும் இல்லை.

வடிகட்டியின் முதல் அங்கம் கண்டென்ஸர். கைப்பம்புக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு தொட்டியைக் கட்டினால், பம்பு குபுக்கென்று ஊற்றினாலும் குழாயில் நீர் ஓரளவு சீராக வரும். கண்டென்ஸர் அந்தத் தொட்டி. தொட்டி எவ்வளவு பெரிதாயிருக்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெருக்கி 2500 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கிறது. கண்டென்ஸர் 50 மைக்ரோபாரட் என்று கொள்வோம். ஒரு குபுக்குக்கும் அடுத்த குபுக்குக்கும் இடையே விநாடியில் நூற்றில் ஒரு பங்கு. அதற்குள் தொட்டியின் மட்டம் ஏறக்குறைய 100 வோல்ட் இறங்கும். அதாவது நூற்றுக்கு நாலு. 200 மைக்ரோபாரட் போட்டால் 25 வோல்ட், நூற்றுக்கு ஒன்று. பெரிய தொட்டியால் லாபம் உண்டு என்பது விளங்குகிறது. அதிலுள்ள ஆபத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இரண்டாவது அங்கம் சோக். இரும்புச் சட்டத்தின்மேல் ஆயிரக்கணக்கான சுற்றுக் கம்பி சுற்றிய கனமான உருப்படி. குயவர் தம் சக்கரத்தைக் கோலால் விட்டு விட்டுத்தான் உந்துகிறார். சக்கரமோ தன் கனத்தினால் ஒரே சீராகச் சுழல்கிறது. மின்சாரப் பிரவாகத்துக்குச் சோக் அந்தக் கனத்தைக் கொடுக்கிறது. திடீரென்று கூடுவதையும் குறைவதையும் அது சகிக்காது. 10 ஹென்ரி சோக்கும் 8 மைக்ரோபாரட் கண்டென்ஸரும் சேர்ந்தால், நூறு குபுக்கின் ஆட்டத்தை முப்பதில் ஒரு பங்காக்கிவிடும். அதே போன்ற இன்னொரு ஜோடியை அடுத்து வைத்தால், அந்த முப்பதில் ஒரு பங்கு மறுபடியும் முப்பதாக வகுபட்டுத் தொள்ளாயிரத்தில் ஒரு பங்காகும். பில்டர் காப்பி பிரியர்கள், இரண்டாம் தடவை வடித்தால் சாரம் போய்விடுமே என்று அஞ்ச வேண்டாம். இங்கே போவது சக்கை மட்டுமே.

ஆனால் குயவர் சக்கரத்துக்கு ஒரு குணம் உண்டு. அதில் களிமண் இல்லாமல், கையும் படாமல் விட்டுவிட்டால் கட்டுக்கடங்காமல் சுழலும். சோக்கை முதலில் வைத்த வடிகட்டியும் அப்படியே. சிறிதளவு மின்சாரமாவது எந்நேரமும் அதன் வழியே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையேல், 2000 வோல்ட் டிரான்ஸ்பார்மரிலிருந்து 1800 வோல்ட் தர வேண்டியது, 2800 வரைக்கும் தாவிவிடும். கண்டென்ஸர்கள் அந்தத் தாவலைத் தாங்காமல் வெடிப்பதும் உண்டு. ஆகவே கண்டென்ஸருக்குக் குறுக்கே ஒரு மின்தடையை நிரந்தரமாக இணைத்து, கொஞ்சம் மின்சாரம் வீணாகவே ஓடும்படி செய்வர். 'பிளீடர்' என்று அதற்குப் பெயர். இரத்தம் வடியச் செய்வது என்ற பொருளில் வந்தது. அந்தப் பெயருக்குரிய இன்னொரு கடமையும் அதற்கு உண்டு.

2500 வோல்ட் ஏறிய 50 மைக்ரோபாரட் கண்டென்ஸரில் அடங்கியிருக்கும் சக்தி 156 ஜூல். இந்த எண் வெறும் எண்ணாகத் தோன்றலாம். பதினாறு மீட்டர் உயரத் தென்னையிலிருந்து ஒரு கிலோ எடையுள்ள தேங்காய் உச்சந்தலையில் விழுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள், அதே சக்தி. தேங்காய் விழுமுன் ஓலையாவது சலசலக்கும். கண்டென்ஸரோ சப்தமே செய்யாது. மின்சார விசையை மூடி, கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்த பிறகும், அந்த 156 ஜூல் தன் இடத்தில் காத்துக்கொண்டிருக்கும். இதைத்தான் வீட்டாரும் பிள்ளைகளும் எளிதில் நம்ப மறுக்கிறார்கள். "கரண்டுதான் இல்லையே, என்ன பயம்?" என்பது சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. சுவரிலிருந்து வரும் கரண்டு நின்றிருக்கலாம். தொட்டியில் நிரம்பிய தண்ணீர் எங்கே போகும்?

அதை வடிய விடுவதே பிளீடரின் இரண்டாவது கடமை. 50,000 ஓம் மின்தடையானால், விசையை மூடிய பத்து விநாடிக்குள் 2500 வோல்ட் 50-க்கு இறங்கிவிடும். இதற்குக் கூலியாக, பெருக்கி வேலை செய்யும்போதெல்லாம் 125 வாட் வெப்பமாகப் போகிறது. வீணாகிறதே என்று சிக்கனம் பார்ப்பவர்கள் உண்டு. இந்த ஒரு செலவிலே சிக்கனம் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

இதிலும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. ஓயாத வெப்பத்தினால் பிளீடரே ஒருநாள் உள்ளே அறுந்துபோகும். கண்டென்ஸர் முதலில் நிற்கும் பெருக்கியில் இதனால் வெளியே எந்த மாறுதலும் தெரியாது. யந்திரம் முன்போலவே நன்றாகப் பேசும். எதிர்முனையிலிருந்து முழு மார்க்கும் வரும். மூடியைத் திறந்து கையை விடுகிற அன்றைக்குத்தான் வேறுபாடு தெரியும். ஆகையால் அநுபவசாலிகள் பிளீடரை நம்பி நிற்பதில்லை. நீண்ட மின்காப்புப் பிடி கொண்ட கோல் ஒன்றின் நுனியில் உலோகக் கொக்கியைப் பொருத்தி, அதைத் தடித்த கம்பியால் யந்திரத்தின் சட்டத்தோடும் நிலத்தோடும் இணைத்து வைத்திருப்பர். திறந்தவுடன் முதற்காரியம், அந்தக் கோலால் கண்டென்ஸரைத் தொடுவது. தொட்டபின் கொக்கியை எடுக்காமல் அங்கேயே மாட்டி விடுவது. ஏனென்றால், ஒரு தடவை வடிந்த கண்டென்ஸர் சற்று நேரம் கழித்துத் தன்னுள்ளிருந்தே கொஞ்சம் மின்சாரத்தை மீண்டும் ஊறவைத்துக்கொள்ளும். கோடைக் கிணறு இறைத்தபின் ஊறுவதுபோல. உயர் அழுத்தம் உள்ள இடத்தில் அளவு பார்க்க நேர்ந்தால் இடது கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொள் என்பது ஹாம்களின் பழைய உபதேசம். இரு கைகளுக்கும் நடுவே இருதயம் இருக்கிறது. பையன்கள் தனியே இவ்வேலையில் இறங்கக் கூடாது. தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தே தீர வேண்டும்.

பழஞ்சாமான் கடைகளில் எண்ணெய் நிரப்பிய பழைய கண்டென்ஸர்கள் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் பலவற்றின் உள்ளே பி.ஸி.பி. என்னும் நச்சு ரசாயனம் இருக்கும். அமெரிக்காவிலே 1979-இல் அதன் உற்பத்தியையே தடை செய்துவிட்டார்கள். கசிகிற பழைய டப்பாவை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

சரி, பெருக்கிக்கு மேலான வடிகட்டி அமைத்தாயிற்று. முனகல் போய்விடுமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முனகல் எந்தக் கட்டத்தில் நுழைகிறது என்பதே முக்கியம். தந்திச் சங்கேதத்துக்குரிய பெருக்கியில், வால்வை அதன் முழு எல்லைக்கும் ஓட்டும்போது, பிளேட் அழுத்தத்தில் நூற்றுக்கு நாலு ஆட்டம் இருந்தால் வெளியேறும் அலையிலும் ஏறக்குறைய அதே நாலு ஆட்டம் ஏறும். ஆனால் குரலைப் பெருக்கும் நேர்விகிதப் பெருக்கியில், எல்லையைத் தொடாத வரையில், பிளேட் அழுத்தத்தின் சிறு ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது. அதன் திரைக் கிரிட்டிலும், கட்டுப்பாட்டுக் கிரிட்டிலும் உள்ள ஆட்டமே அதிகமாகத் தெரியும். அலையைப் பிறப்பிக்கும் முதற் கட்டத்தில் முனகல் புகுந்துவிட்டாலோ, பின்னே எத்தனை பெருக்கி வைத்தாலும் முனகலும் சேர்ந்தே பெருகும். தம்புராவிலே சுருதி கலைந்திருக்க, ஒலிபெருக்கியை மாற்றி என்ன பயன்? கடைசிக் கட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் பணம் செலவழித்து, முதற் கட்டத்துக்கு நூறு ரூபாய்க் கண்டென்ஸரை மாற்றச் சோம்புகிறவர்களை என்னவென்று சொல்வது!

நேர்விகிதப் பெருக்கியில் முனகலைக் காட்டிலும் பெரிய வியாதி அழுத்தம் தொய்வது. மனிதக் குரல் ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. 'க', 'த' என்று ஓங்கி வரும் எழுத்தில் பெருக்கி திடீரென மின்சாரத்தை இழுக்கும், மறுகணம் விட்டுவிடும். அந்தக் கணத்தில் 2500 வோல்ட் 2200-க்குத் தொய்ந்தால், பெருக்கி பழுதின்றித் தரக்கூடிய உச்ச சக்தி ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். குரலின் சிகரங்கள் தட்டையாகச் சீவப்படும். சீவப்பட்ட துண்டுகள் சும்மா போவதில்லை. தமக்குரிய அலைவரிசையை விட்டுப் பக்கத்து அலைவரிசைகளில் போய்ச் சிதறும். பேசுகிறவருக்கு இது தெரியாது. பக்கத்து வரிசையில் பலவீனமான குரலைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு மாத்திரம், யாரோ தகரத்தைக் கிழிப்பதுபோல் இருக்கும்.

அந்தப் பலவீனமான குரல் வம்புப் பேச்சாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபார் தீவுகளைத் தாக்கியபோது, ஸ்ரீமதி பாரதி பிரசாத் தலைமையில் அமெச்சூர் ரேடியோக் குழு ஒன்று தற்செயலாகப் போர்ட் பிளேரில் இருந்தது. நெடுங்காலம் அமெச்சூர்களுக்கு அநுமதி கிடைக்காதிருந்த அந்தத் தீவுகளிலிருந்து உலகத்தோடு பேசுவதற்காகப் போயிருந்தார்கள். தொலைபேசித் தொடர்பு அற்றுப்போன அந்நாட்களில், யார் பிழைத்தார், எங்கே இருக்கிறார் என்ற செய்திகளை அவர்கள் ரேடியோ மூலம் தாய்நாட்டுக் கரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெயரை ஓர் எழுத்துப் பிசகிக் கேட்டால், கரையிலே காத்திருக்கும் குடும்பத்துக்கு என்ன ஆகும்! அத்தகைய வேளையில் எங்கோ ஒருவருடைய சிதறல் குறுக்கே விழுவது எத்தனை பெரிய தீங்கு!

விபத்துக் காலத்தில் மின்சாரம் பெரும்பாலும் சிறு ஜெனரேட்டரிலிருந்து வரும். பாரம் ஏறியபோது அதன் வேகம் குறையும். 50 ஸைக்கிள் 45 ஆனால், மேலே சொன்ன சோக்-கண்டென்ஸர் ஜோடி ஆட்டத்தை முப்பதில் ஒரு பங்காக்குவதற்குப் பதில் இருபத்தைந்தில் ஒரு பங்காகவே குறைக்கும். வடிகட்டி அமைக்கும்போதே இந்தத் தாராளத்தைக் கணக்கில் வைத்துக்கொள்வது நலம். மோட்டார் வண்டி பாட்டரியில் ஓட்டுகிறவர்களுக்கோ இந்தத் தொல்லை ஒன்றுமில்லை. பாட்டரியில் குபுக்கு ஏது!

இப்போது டிரான்ஸிஸ்டர் பெருக்கிகள் பெருகிவிட்டன. அவற்றுக்கு 50 வோல்ட் போன்ற தாழ்ந்த அழுத்தமே போதும். ஆயிரக்கணக்கான வோல்ட்டின் பயம் குறைந்தது. அதற்குரிய மின்சாரத்தை, விநாடிக்குப் பல்லாயிரம் தடவை விசையை மூடித் திறக்கும் நவீன யந்திரங்கள் தருகின்றன. கைக்கடக்கமானவை, கனமற்றவை, ஆனால் சரியாக வடிகட்டாவிட்டால் ரேடியோ அலைவரிசைகளிலேயே 'சர்'ரென்ற புதுவிதச் சப்தத்தைக் கிளப்பிவிடும். வண்டு போய்ச் சிள்வண்டு வந்தது! மலிவான எல்.இ.டி. விளக்குகளும், கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றும் சாதனங்களும் இதே காரணத்தால் நம் வீட்டு ரேடியோவைக் கெடுப்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம்.

முனகல் எங்கிருந்து வருகிறது என்று அறியச் செலவில்லாத முறை ஒன்று உண்டு. தூரத்து நண்பர் ஒருவரைக் கேட்கச் செய்து, முதலில் பெருக்கியோடு அனுப்புக. பிறகு பெருக்கியை விலக்கிவிட்டு, சிறு யந்திரத்தால் மட்டும் அனுப்புக. முனகல் மறைந்தால் குற்றம் பெருக்கியுடையது. மறையாவிட்டால் சிறு யந்திரத்தைச் சுவர் மின்சாரத்திலிருந்து நீக்கி, பாட்டரியில் ஓட்டிப் பார்க்க. அப்போது மறைந்தால் அதன் மின்சார வடிகட்டியைத் திறந்து பார்க்க வேண்டியதுதான். அப்போதும் மறையவில்லையென்றால், மேஜையின்மேல் மைக்ரோபோன் கம்பி எந்த டிரான்ஸ்பார்மரின் பக்கத்திலே கிடக்கிறது என்று பாருங்கள்.